றொக்கோவின் விரதம்

ஆரைக் கண்டாலும் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை, அப்படிப்பட்ட மனுசி இந்திராதேவி. இத்தாலியில், பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வீடு. பகலில் ஒரு வயசுபோன சிஞோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் படுக்க வைக்கிற வேலை. கடைசியில் அவள்தான் ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுக் கொன்றாள் என்று சனம் கதைத்தது. சனத்துக்கென்ன, கதைக்கும்.

அந்தச் சீவன் ஒரு பச்சோந்தி. மகன் கீர்த்திகன் வேலை கிடைத்து வடக்கே தொரினோவுக்குப் போனபோது கூட்டோடும் சூட்டு லாம்போடும் விட்டுவிட்டுப் போனது. றொக்கோ என்று பெயர் வைத்திருந்தான்.

"அம்மா, உயிரோடை இருக்கிற சில்வண்டுதான் குடுக்கோணும். கல்சியம் மாவிலை பிரட்டிப்போட்டுக் குடுங்கோ. கோப்பையிலை தண்ணி வைச்சால் குடியான், இலையிலை தெளிச்சால்தான் நக்குவான்."

புருசன் மகேந்திரராசா நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் மாரடிக்கிறவர். கூட்டைப் பார்த்துச் சிரித்தார். "வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டிப்போட்டு, குத்துது குடையுது எண்டு பிறகு என்னட்டை வராதையும்."

அவளுக்கும் முதலில் அருவருப்புத்தான். ஆனால் வீட்டில் இருந்தபோது "ஓம்", "இல்லை"க்கு மேல் வாய் திறக்காத பிள்ளை, இப்போது ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தான். "கமராவை அவன்ரை பக்கம் திருப்புங்கோ அம்மா" என்பான். அவள் கூட்டைக் காட்டிக்கொண்டு போனுக்குப் பின்னால் நிற்பாள். "அங்கை குளிரோ அப்பு? என்ன சமைச்சனி?" என்று இடைக்கிடை கேட்பாள். அவன் பச்சோந்தியைப் பார்த்தபடி பதில் சொல்லுவான். அவளுக்கு அது போதும். தாய் மனசு எவ்வளவு கொஞ்சத்தோடு திருப்திப்படும் பாருங்கள்.

ஒருமுறை றொக்கோவின் கண் வீங்கியபோது அவன், "உங்களுக்குக் கஸ்டமெண்டால் சொல்லுங்கோ, மொண்டெல்லோவிலை என்ரை சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான், அவனிட்டைக் குடுப்பம்" என்றான். பச்சோந்தி போனால் போனும் போகும். அதற்குப் பிறகு றொக்கோவைப் பற்றி அவள் நல்ல செய்தி தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கந்தசட்டி வந்தது. வருசா வருசம் கீர்த்திகனுக்காகவே பிடிக்கிற விரதம், பாலும் பழமும் மட்டும். முதல் நாள் சில்வண்டுப் பெட்டியைத் தூக்கும்போதே கை கூசியது. விரதக்காரி கையால் உயிரைக் கொல்லக் கொடுப்பதா? "முருகா, நீதான் பொறுக்கோணும்" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தாள். றொக்கோ ஒரு கண்ணால் பார்த்தது, மற்றக் கண்ணாலும் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்தடுத்த நாளும் அப்படியே. பாவம் சேரவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்.

அதோடு, உடம்பெல்லாம் இதுவரை காணாத நீலப் பச்சையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். கொப்பை விட்டிறங்கி, சாமிப்படத் தட்டு இருந்த பக்கத்து மூலையைக் கையால் பிறாண்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"இஞ்சேருங்கோ, இவனும் விரதம். நிறத்தைப் பாருங்கோ, முருகன்ரை மயில் மாதிரி."

"ஓணானுக்கு ஆர் பஞ்சாங்கம் பாத்துச் சொன்னது?" என்றார் அவர். என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். வயிறு நல்லாய்த் திரண்டிருந்தது. பட்டினி கிடக்கிற வயிறு போல அவருக்கும் தெரியவில்லை.

பின்னேரம் மகன் கேட்டான்: "சாப்பிட்டவனோ?"

"ஓம் அப்பு, வடிவாச் சாப்பிட்டவன்" என்றாள். சொல்லிவிட்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கிட்டப் பிடித்திருந்தால் அந்தப் புள்ளிகளை அவன் கண்டிருப்பான்.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று றொக்கோ கூட்டின் அடியில் பட்டப்பகலில் கண்ணை மூடிக் கிடந்தது. சால்வையில் சுற்றி மிருக வைத்தியரிடம் ஓடினாள். அந்தப் பெண் வைத்தியர், தொத்தொரேசா, வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆண் இல்லை, பெண். வயிறு முழுக்க முட்டை. கோழி மாதிரித்தான், சோடி இல்லாமலும் முட்டை வரும். தோண்டுவதற்கு ஈர மண் இல்லாவிட்டால் இடாது, அடக்கி வைத்திருந்தே செத்துப்போகும். இந்தப் புள்ளிகள்தான் அடையாளம். மூலையைப் பிறாண்டியதா? எப்போதிருந்து சாப்பிடவில்லை?"

விரதத்துக்கு இத்தாலியச் சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் "ஆறு நாள்" என்று மட்டும்தான் சொன்னாள்.

ஊசி போட்டுவிட்டு, மண்ணில் விட்டுப் பார், தெம்பு வந்தால் நாளைக்கு வயிற்றை வெட்டி முட்டையை எடுக்கலாம் என்றாள் தொத்தொரேசா. மகேந்திரராசா மண்டரின் மரத்தடி மண்ணை ஒரு வாளி நிறைய அள்ளி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். ஓணான் கதை ஒன்றும் அன்று அவர் வாயில் வரவில்லை. மண்ணில் விட்டதும் றொக்கோ முன்கையால் கொஞ்சம் கிண்டியது. விடியப் பார்த்தால், கை மண்ணுக்குள் இருக்கச் செத்துக் கிடந்தது. அந்த வாளிக்குள்ளேயே தாட்டார்கள்.

அன்று பின்னேரம் கீர்த்திகன் எடுத்தான். "கமராவைத் திருப்புங்கோ." அவள் திருப்பவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள், மயில் நிறத்தையும் சொன்னாள்.

"சாப்பிட்டவன் எண்டு சொன்னனீங்கள்தானே அம்மா."

"நீ ஏசுவாய் எண்டு..."

"சரி. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"நீ சாப்பிட்டனியோ அப்பு?" என்று அவள் கேட்கும்போது போன் வைத்தாகிவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் தலையை இழுத்துச் சீவி, பொட்டு வைத்து, வெறுங்கூட்டில் போனைச் சாத்தி வைத்துவிட்டு முன்னால் இருந்தாள். முந்தின நாளே பாறணை பண்ணியிருக்க வேண்டியவள் இன்னும் ஒரு பருக்கை தொடவில்லை. மகேந்திரராசா தானே சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"சாப்பிடுமன், விரதம் முடிஞ்சுது."

"அவனுக்காகப் பிடிச்சது. அவன் எடுக்கட்டும், பிறகு சாப்பிடுறன்."

சோறு ஆறிப்போனது. அதற்கடுத்த நாளும் அவள் அதையேதான் சொன்னாள்.