குன்னத்தூருக்கு மேலே அணைந்த திரை

சிறிய விமானத்தில் நான் முதன்முதலாக ஏறியது, எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் ஒரு வெளிநாட்டுக்காரரின் புண்ணியத்தில். சாம்பிள் காட்ட அவர் நாட்டுக்குப் போயிருந்தேன். எல்லாம் பார்த்து முடித்த மறுநாள், தன் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று தன் சொந்த விமானத்தில் அழைத்துப் போனார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. தொடையில் பட்டை போட்டு ஒரு டேப்லெட்டைக் கட்டியிருந்தார். இஞ்சினைக் கிளப்புமுன் அதில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். சொன்னதைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு திரையைத் தட்டினார். தட்டிய வரி பச்சையானது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டில், துணியைக் கட்டிங் மேஜைக்கு ஏற்றுமுன் நிறம், எடை, சுருக்கம் என்று நானும் இப்படித்தான் டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தேன். இது என்னால் முடிகிற வேலை என்று அங்கேயே தோன்றிவிட்டது.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேண்டாம்னா கேக்கவா போறே? கத்துக்க" என்றார். யூனிட்டில் துணி பின்னும் நிட்டிங் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. கட்டிங், தையல் என் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் என் பக்கத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். நான் சேலம் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

சொல்லிக்கொடுத்தவள் திருநெல்வேலிப் பெண், என்னைவிடச் சின்னவள். மேலே போனதும் திடீரென்று என் டேப்லெட்டைப் பிடுங்கித் தன் இருக்கைக்கு அடியில் செருகிவிடுவாள். "யக்கா, இப்ப இது இல்ல. எங்க இருக்கோம்? சொல்லுங்க" என்பாள். காகித வரைபடத்தை மடியில் விரித்து, கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் அதோடு பொருத்தி விரலை வைப்பேன். சரியாக வைக்கிற வரைக்கும் டேப்லெட்டைத் தரமாட்டாள்.

லைசன்ஸ் கைக்கு வந்த பிறகும் வீட்டுக்காரர் என்னோடு ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மெஷின் ரிப்பேர் ஆகும், இல்லாவிட்டால் யாராவது வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே, "நானும் வர்றேன். நம்ம தோட்டத்த மேலிருந்து பாக்கோணும்" என்றார். அவருடைய ஊர் குன்னத்தூர்.

அன்று காலை சேலம் பள்ளியில் விமானத்தை வாடகைக்கு எடுத்தேன். பனிமூட்டம் விலகி நாங்கள் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழக்கமாகத் தொடையில் கட்டும் டேப்லெட்டை, அவரும் பார்க்கட்டும் என்று முன் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். நீலமாக ஒரு சின்ன விமானம் வரைபடத்தின் மேல் நகர்வதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். சங்ககிரி மலை போனது, காவிரி போனது. கோவை போகும் நெடுஞ்சாலை எங்களுக்கு இடப்பக்கம் கூடவே வந்தது.

குன்னத்தூர் வந்ததும் தோட்டத்தைத் தேடினோம். மேலிருந்து எல்லாத் தென்னந்தோப்பும் ஒன்றுபோல இருந்தது. "இன்னொரு சுத்து சுத்து. கெணறு தெரியுதான்னு பாக்கறேன்" என்றார். சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். சுற்றச் சுற்ற வெயில் முன் கண்ணாடி வழியாக டேப்லெட்டின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. சூடு அதிகமாகிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது.

"ஏம்மா, ஆஃப் ஆயிருச்சு."

"ஆமாங்க. சூடாயிருச்சு. அதக் கழட்டி அந்தக் காத்து வர்ற ஓட்டைகிட்டப் புடிங்க."

அவர் கழற்றினார். காற்று வரும் ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "இப்ப நாம எங்க இருக்கறோம்னு எப்படித் தெரியும்?"

சுற்றியதில் எனக்கும் திசை குழம்பியிருந்தது. மேற்கே கொஞ்ச தூரத்தில் ராணுவ விமானத் தளத்தின் வான்பரப்பு தொடங்குகிறது. அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைந்தால் பெரிய வம்பு. முதலில் இறக்கையைச் சமப்படுத்தினேன். திசைகாட்டியைப் பார்த்து மூக்கைக் கிழக்கே, சற்று வடக்காகத் திருப்பினேன். மேற்கை முதுகுக்குப் பின்னால் விட்டாயிற்று, இனி அவசரமில்லை. பையிலிருந்து காகித வரைபடத்தை எடுத்து விரித்தேன்.

"உங்க பக்கத்துல கீழ ரோடு தெரியுதுங்களா? லாரியா போகோணும்."

அவர் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு பார்த்தார். "தெரியுது. பெரிய ரோடு. பாலம் ஒண்ணு இருக்குது."

"அதுதானுங்க வர்றப்ப என் பக்கம் இருந்த நம்ம ரோடு. அது உங்க பக்கத்துலயே இருக்கற வரைக்கும் சரியாப் போறோம். மறைஞ்சா சொல்லுங்க."

அதன்பிறகு அவருக்குப் பயப்பட நேரமில்லை. பெருந்துறை வந்தது என்று அவரே சொன்னார். தொழிற்பேட்டைக் கூரைகளை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். காவிரியை எனக்கு முன்னால் பார்த்தார். நான் வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன். ரேடியோவில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

இறங்குவதற்கு முன் பார்க்கவேண்டிய வரிசையும் டேப்லெட்டில்தான் இருந்தது. அது எனக்கு மனப்பாடம். ஆனாலும் மனப்பாடத்தை நம்பி நான் துணியைக்கூட வெட்டியதில்லை. கதவுப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று உண்டு. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒவ்வொண்ணா படிங்க. நான் சரின்னு சொன்ன பொறகு அடுத்தது."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சீட் பெல்ட்."

"சரி."

"பியூயல்."

"சரி."

"மிக்ஸ்சர், ரிச். அப்படின்னா?"

"பொறவு சொல்றனுங்க. சரி."

ஓடுபாதை நேர் எதிரே வந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது கொஞ்சம் தூக்கிப்போட்டது. நான் இறக்கியதில் அது நல்ல இறக்கம் இல்லை. அவர் அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. இஞ்சினை நிறுத்தும் வரிசையையும் முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்.

கேன்டீனில் டீ சொன்னோம். டேப்லெட் ஆறியிருந்தது. பொத்தானை அழுத்தியதும், ஒன்றும் நடக்காததுபோல எங்களை அந்தக் கேன்டீனுக்குள்ளேயே காட்டியது. அவர் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது இல்லாட்டி நீ தெகச்சுப்போயிருவேன்னுதான் இத்தன நாளா வரல" என்றார்.

"இப்ப?"

"மிக்ஸ்சர்னா என்னன்னு சொல்லு" என்றார்.

டீ ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன். காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவு, மேலே போகப்போக அதை எப்படி மாற்றவேண்டும் என்றெல்லாம். நிட்டிங் மெஷின்காரர் ஆயிற்றே, சட்டென்று பிடித்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்டார். சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திருநெல்வேலிப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள்.