என்னை வெளியே உட்கார வைத்த தீர்மானம்

தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் ஆட்சிக் குழுவில் நான் ஓர் உறுப்பினர் என்று சொன்னால், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. "கப்பல் மியூசியத்துல உனக்கு இன்னாக்கா வேலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானே அதைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரணம் என் கணவர். சரக்குக் கப்பலில் பிட்டராக இருந்தார். எஞ்சின் அறையில் குழாய், வால்வு, பம்ப் எல்லாம் பழுது பார்க்கிற வேலை. ஒரு நாள் காலையில் அவரைக் கப்பலில் காணவில்லை. நடுக்கடல். கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்த் தேடினார்களாம். கம்பெனியிலிருந்து வந்த தாளில் 'காணாமல் போனவர்' என்று இருந்தது. இறந்தவர் என்று இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வருஷக்கணக்கில் ஓட்டினேன்.

முந்தின நாள்கூடப் போனில் பேசினார். கப்பல் சமையல்காரருக்குப் பருப்பு வேக வைக்கத் தெரியவில்லை என்று திட்டினார். வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று சொன்னதற்கு, "மெக்கானிக் எவனையும் இட்டாராத, நான் வந்து கயட்டிப் பாக்கறேன்" என்றார். இப்படிப் பேசுகிற மனுஷன் மறுநாளே இல்லாமல் போய்விடுவாரா? ஏதாவது மீன்பிடிப் படகு தூக்கியிருக்கும், பாஷை தெரியாத எந்த நாட்டு ஜெயிலிலாவது கிடப்பார் என்றுதான் நான் நினைத்தேன். வெளிநாட்டு ஜெயிலிலிருந்து மாலுமிகள் திரும்பினார்கள் என்று செய்தி வந்தால் போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். ஏழு வருஷம் முடிந்தால் கோர்ட்டில் கேட்டு இறப்புச் சான்றிதழ் வாங்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. திருநின்றவூர் வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமனார் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது ஏரிப் பக்கம் மனை மலிவாகக் கிடைத்தது என்று இங்கே வீடு கட்டினார்கள். மாமியார் தன் மகனைப் பற்றி அதிகம் பேச மாட்டார். தெருவில் யாராவது விசாரித்தால், "கப்பல்ல கீறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு வரும். இந்த உலகத்தில் என்னைப்போல இன்னொருத்தியும் நம்புகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மற்றவர்கள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வரலட்சுமி நோன்புக்குப் பக்கத்து வீடுகளில் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் விட்டால் நான் சண்டைக்கு வருவேன் என்று பயம். ஆனால் குங்குமச் சிமிழ் என் முன்னால் வரும்போது கொடுக்கிறவள் கை கொஞ்சம் தயங்கும். நானே எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொள்வேன். வைத்துக்கொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்ப்பேன்.

இந்த வாய்தான் என்னை அந்தக் குழுவில் கொண்டு போய் உட்கார வைத்தது. மாலுமிக் குடும்பங்களுக்கான ஒரு கூட்டத்தில் எழுந்து, பீரங்கியையும் கேப்டன் தொப்பியையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறீர்களே, எஞ்சின் அறையில் வெந்து வேலை செய்கிறவனுக்கு அங்கே என்ன இடம் என்று கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரிக்குப் பிடித்துப்போனது. சில மாதம் கழித்து 'மாலுமிக் குடும்பங்களின் பிரதிநிதி' என்று எனக்கு நியமன ஆணை வந்தது.

அருங்காட்சியகக் கட்டடம் கடற்கரைப் பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது. அது முடிகிற வரைக்கும் அலுவலகம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில். சேகரித்த நங்கூரம், சங்கிலி, உடைந்த படகு எல்லாம் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் கிடந்தன. கடலை ஆளுகிறவர்கள் கடலே தெரியாத இடத்தில் கூடினோம். ஜன்னல் வழியே மெட்ரோ தூணும் லாரியும்தான் தெரியும்.

ஆட்சிக் குழு என்றதும் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். நீள மேஜை, ஏசி, ஆளுக்கொரு தட்டில் முந்திரியும் சமோசாவும். தலைவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை, யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். அவருக்கு வலப்பக்கம் சரித்திரப் பேராசிரியை ஒருவர். இடப்பக்கம் கப்பல் கம்பெனி முதலாளி ஒருவர். கடைசியில் விதிப் புத்தகத்தோடு செயலர். மீதிப் பேர் வந்து கையெழுத்துப் போட்டு, சமோசா தின்றுவிட்டுப் போகிறவர்கள். நங்கூரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதா, துருவோடு விடுவதா என்று ஒரு முழு மதியம் பேசினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விஷயத்தில் எந்த உறுப்பினருக்காவது சொந்தச் சம்பந்தம் இருந்தால், அந்த விஷயம் முடிகிற வரைக்கும் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கப்பல் முதலாளியின் பழைய சாமான்களை வாங்குவது பற்றிப் பேச்சு வந்தால் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போவார். அவருக்குச் சாதகமாக முடிந்ததும் கூப்பிடுவார்கள், சிரித்துக்கொண்டே வருவார். இது என்ன நாடகம் என்று நினைத்தேனே தவிர, எனக்கும் ஒரு நாள் இது வரும் என்று நினைக்கவில்லை.

நினைவுச் சுவர் கட்ட வேண்டும் என்று கேட்டவளே நான்தான். கடலில் செத்துப்போன சாதாரண மாலுமிகளின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நச்சரித்தேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு அடுத்த கூட்டத்தில் செயலர் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தார். காணாமல் போனவர்களின் பெயரையும் இந்தச் சுவரில் சேர்ப்பதா, வேண்டாமா?

நான் வாயைத் திறப்பதற்குள் செயலர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் ரொம்பவும் மரியாதையாக, "அம்மா, இதில் உங்களுக்குச் சொந்தச் சம்பந்தம் இருக்கிறது. தப்பாக நினைக்கக் கூடாது, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா?" என்றார்.

"சார், சம்பந்தம் இருக்கறதாலதான் நான் பேசணும்" என்றேன்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானேம்மா" என்றார் அவர்.

வெளியே போனேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. மாடிப்படிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டீ கொண்டு வருகிற பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, உள்ள முட்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. என் ஊட்டுக்காரர் உயிரோட கீறாரா இல்லியான்னு உள்ள ஓட்டுப் போட்டுக்கினு கீறாங்க" என்றேன்.

அவர் ஒரு கிளாஸ் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, தட்டோடு உள்ளே போனார். கதவு திறந்து மூடிய நேரத்தில் உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. வேறு எதற்காகவோ சிரித்திருப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும், பற்றிக்கொண்டு வந்தது.

கூப்பிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவரின் கண் கலங்கியிருந்தது. "ஒருமனதாக நிறைவேற்றிவிட்டோம் அம்மா. உங்கள் கணவர் பெயரும் அந்தச் சுவரில் இருக்கும்" என்றார். பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏதோ பரிசு கொடுத்துவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில்.

"அவர் செத்துட்டார்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அந்த அறையில் அத்தனை படித்தவர்கள் இருந்தும், வெளியே இருப்பவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விதியில் அது இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இவர்கள் என்மேல் பரிதாபப்பட்டு என் தாலியை அறுத்தவர்கள். இவர்களை என்ன செய்வது?

தீர்மானத்தைத் திரும்ப எடுங்கள் என்றேன். சம்பந்தப்பட்ட உறுப்பினர் அதைக் கேட்க முடியாது, வேறு யாராவது எழுப்பினால் பார்க்கலாம் என்றார் செயலர். பேராசிரியையைப் பார்த்தேன். "இப்படியே எத்தனை நாள் இருப்பீங்க? உங்களுக்கும் ஒரு முடிவு வேணும்தானே?" என்று மெதுவாகச் சொன்னார்.

"வேணும்னு உங்ககிட்ட நான் கேட்டேனா மேடம்?" என்று கையை உருவிக்கொண்டேன்.

கிளம்பும்போது தலைவரிடம் ஒன்று மட்டும் கெஞ்சினேன். என் மாமியாருக்கு இது தெரியக் கூடாது, அவர் மகன் வருவான் என்றுதான் அந்த உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். தலைவர் தலையை ஆட்டினார். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ், ஆவடியிலிருந்து ரயில். அன்றைக்கு லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குப் போனதும் மாமியார், "இன்னாமா, மூஞ்சி ஒரு மாரியா கீது?" என்றார். தலைவலி என்றேன்.

பிறகு பல வாரம் நான் குழு ஆட்களின் போனை எடுக்கவில்லை. அது இன்னொரு தப்பாக முடிந்தது. போனை எடுக்காததால் தலைவர் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரே மாமியார் தரையில்.

தலைவர் பதறி எழுந்து, "நான் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. அவங்களே கேட்டாங்க" என்றார்.

"நான்தான் கேட்டேன்" என்றார் மாமியார். என்னைப் பார்க்கவில்லை. "கப்பல் ஆபீஸ்லேர்ந்து இவ்ளோ பெரிய மனுசன் ஊடு தேடி வந்துகீறாரு. எதுக்கு வருவாருன்னு எனக்குத் தெரியாதா? கல்லுல பேரு வெட்டப் போறீங்களான்னு கேட்டேன். சுவரு ஒண்ணு வரப்போதுன்னு நீதானே மின்ன சொன்னே."

"அத்தே, அதெல்லாம் இல்ல. அவரு வந்துடுவாரு" என்றேன்.

மாமியார் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தலைவரிடம், "சார், அந்தப் பேர ஒசரத்துல போட்ராதீங்க. எனக்குத் தோள்பட்ட வலி, கை மேல வராது. தடவிப் பாக்கற மாரி கீய போடுங்க" என்றார்.

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

கார் போன பிறகு, "உங்களுக்கு எப்ப அத்தே தெரியும்?" என்று கேட்டேன்.

"தாளு வந்த அன்னிக்கே. நடுக்கடல்ல உளுந்தவன் எங்கமா போவான்? நீ ஒத்தையா நம்பிக்கினு இருந்தே. பொட்டு வெச்சிக்கினு வேலைக்குப் போயிட்டு வந்துகினு இருந்தே. அத நான் எப்டி கெடுக்கறது? அதான் கப்பல்ல கீறான், கப்பல்ல கீறான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பெற்ற மகனுக்காக இத்தனை வருஷம் ஒரு தடவைகூட வாய்விட்டு அழாமல், அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதாக நான் நினைத்தேன். என்னால்தான் அவர் அடைத்துக்கொண்டு கிடந்தார். "அழுங்க அத்தே, இப்பவாவது அழுங்க" என்று கத்தினேன். அவர் அழ ஆரம்பித்தார். தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்தது. யார் வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் நினைவுச் சுவர் மறுபடி வந்தது. எந்த வரிசையில் யார் பெயர் என்பதுதான் விஷயம். செயலர் விதிப் புத்தகத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. தலைவர், "அவங்க இருக்கட்டும்" என்றார்.

"அவர் பேரு அடி வரிசையில வரணும். என் மாமியார் கைக்கு எட்டணும்" என்றேன்.

முன்மொழிவது நீங்கள்தானா என்று செயலர் கேட்டார். ஆமாம் என்றேன். பேராசிரியை வழிமொழிந்தார். தலைவர், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.