பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்த ஞாயிறு

ஞாயிறு, காலை 7.10. ராஜபாளையத்தில் தம்பி சாமுவேலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினேன். பதினொரு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். இடப்பக்க மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது.

சாமுவேல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையின் போன வருட ஆண்டுவிழாவில், குடியை விட்டு ஒரு வருடம் ஆயிற்று என்று சாட்சி சொன்னான். ஆயர் பொன்னாடை போர்த்தினார். நானும் பெருமையோடு நாட்குறிப்பில் எழுதினேன். உண்மையில், அதற்கு முந்தின வியாழக்கிழமைகூடக் குடித்திருக்கிறான். சாட்சி சொல்வோர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, பின்வாங்க வெட்கம். இன்று அதே சபையில் அதைச் சொல்லப் போகிறான். பொன்னாடை பையில் இருந்தது.

“என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி சட்டை?” என்று சாமுவேலிடம் கேட்டார் தெரிந்த நடத்துனர்.

“மானம் போகப் போகுது. சட்டையாவது நல்லா இருக்கட்டும்!”

7.25. நான் கேட்டேன்: “ஏலே, ஆயர்ட்ட மட்டும் தனியா சொன்னாப் போதாதா?”

“போதாதுண்ணே. பட்டறையில வேலை பாக்கானே ஞானராஜ், அவனும் குடியை விட முடியாமக் கெடக்கான். ‘நீங்க ஒரே மூச்சுல விட்டுட்டீய, நான்தான் எதுக்கும் ஆகாதவன்’னு கோயிலுக்கு வாரதையே நிறுத்திட்டான். என் பொய்தான் அவனை வெளிய தள்ளியிருக்கு. இன்னைக்குக் கெஞ்சி வரச் சொல்லியிருக்கேன்.”

பொன்னாடை இருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

8.50. சாட்சி நேரம். சாமுவேல் எழுந்தான்.

“போன வருஷம் நான் சொன்னது பொய். அதுக்குப் பொறவும் மூணு தடவை விழுந்தேன். என்னால முடியும்னு நெனச்ச வரைக்கும் ஜெபத்துல வாய்தான் அசைஞ்சுது. மூணாந்தடவை விழுந்த பொறவுதான் ‘ஆண்டவரே, என்னால ஏலல’ன்னு அழுதேன். இப்ப ஏழு மாசம் ஆச்சு. நாளைக்கு எப்படியோ, இன்னைக்குக் குடிக்கல.”

பொன்னாடையை ஆயரிடம் நீட்டினான். முன்வரிசையில் முணுமுணுப்பு. ஆயர் மட்டும் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஞானராஜ் விறுவிறுவென்று வந்தான்.

“நீங்களுமா அண்ணாச்சி! இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்லா?”

“திட்டுலே. அடுத்த வாரமும் வந்து திட்டு.”

ஞானராஜ் குரலைத் தாழ்த்தினான். “ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, அன்னைக்குதான் குடிக்காம இருக்க எனக்குக் கஷ்டம். சாயங்காலம் வரைக்கும் உங்க கூடவே இருக்கட்டா?”

11.20. அவர்கள் இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் தனியாகப் பேருந்து ஏறினேன். எங்கள் ஊர்ச் சபையில் முப்பது வருடமாகச் சாட்சி கேட்கிறேன். அங்கே ஜெயித்தவர்கள்தாம் எழுந்து நிற்பார்கள். நாங்கள் கைதட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குத் தனியாகப் போவோம். என் தம்பி தான் விழுந்ததைச் சொன்னான். ஒருவன் அவனோடு நடந்து போனான்.