நெகட்டிவ் என்றால் நல்லதா?

அந்த ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது மேலிருந்து வரும் துண்டுகளின் ஈரத்தை வைத்துத்தான் தெரியும். அங்கே கறை எடுக்கிற வேலை அவளுக்கு. எல்லோரும் "பளிச் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பியோ மையோ உதட்டுச்சாயமோ, அவள் கை பட்டால் சுவடு தெரியாது. பேச்சும் அப்படித்தான். மேனேஜரே ஆனாலும் காலர் அழுக்காக இருந்தால், "கழட்டிக் குடுத்துட்டுப் போங்க சார், இதோட மேல போகாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வேறொருத்தியோடு போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அழ வேண்டியதையெல்லாம் முதல் வருஷமே அழுது தீர்த்துவிட்டு, விவாகரத்தையும் வாங்கிக்கொண்டு, தங்கை வீட்டு மாடி அறைக்குக் குடிவந்துவிட்டாள். தங்கைக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை பால் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பெரியம்மா இடுப்பில்தான்.

சலவைக்கூடத்தில் இஸ்திரிக்காரர் ஒருவர் இருந்தார். தனிக்கட்டை. வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்பது போல அவ்வளவு அளந்து பேசுவார். பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அவளும் அவரும்தான் மடிப்பார்கள். இப்படியே சில வருஷம் நடந்து நடந்து வந்ததில், ஒரு நாள் அவர் முனையைக் கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"துணியை விடுங்க" என்றாள்.

"விட்டுட்டேனே" என்றார். உண்மைதான். அவர் பிடித்திருந்தது அவள் விரலை. "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதைக் கேக்க இவ்வளவு நாளா? இருங்க, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் பழைய நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, "அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கான், ஆளே பாதியாயிட்டான். சேரக்கூடாத சேர்க்கையில வர்ற வியாதின்னு சொல்றாங்க. உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் இறங்கவில்லை.

தங்கையிடம் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அந்த மாதிரி தொடர்பில் வருகிற வியாதி எது எது உண்டோ அத்தனைக்கும் பார்க்கச் சொன்னாள். முடிவு வாங்க, கூடம் திறக்கும் முன்பே போய் நின்றாள்.

"எல்லாம் நெகட்டிவ்" என்றாள் அங்கிருந்த பெண்.

"நெகட்டிவ்னா நல்லதா கெட்டதா?"

"நல்லதுக்கா. ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

ஒரு வாரம் பறந்து திரிந்தாள்; நல்ல நாளாகப் பார்த்துத் தங்கையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். பிறகு ஒரு நாள் சட்டைக் கையில் கறை தேய்த்துக்கொண்டிருந்தபோது சுரீரென்று ஒன்று தோன்றியது. அன்றைக்கு வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னொருத்தி இருந்தாளே, குழாய் மாறிப்போயிருந்தால்? ஊரின் மறுகோடியில் இன்னொரு கூடத்துக்குப் போனாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. அங்கே மெஷின் பழசாகத் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் மெஷின் புதுசு, ஊசி குத்திய பையன் தூங்கி வழிந்தான். நான்காவது இடத்தில் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. அதனால் உடம்பு இளைத்தது. இளைத்ததைப் பார்த்ததும், "பார்த்தாயா, வியாதிதான்" என்று மனசு அடித்துச் சொன்னது. பிளீச்சிங் தண்ணீர் பட்டு வருஷக்கணக்காகக் கையில் இருந்த தடிப்பைக்கூட இப்போதுதான் புதுசாகப் பார்ப்பதுபோல் போனில் படம் தேடி ஒப்பிட்டாள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தை கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தால் மாடிப்படி ஏறிவிடுவாள். வேலையிடத்தில் கையுறை போட்டுக்கொண்டு, விரிப்பின் முனையை எட்ட நின்றே வீசினாள். இஸ்திரிக்காரர் கேட்டதற்கு, "கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள். அந்த மனிதர் ஏற்கெனவே பேசாதவர். இப்போது தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என் பொண்ணு உனக்கு என்ன பண்ணினா? நீ மாடிக்குப் போயிட்டா அது படிக்குக் கீழ உக்காந்து அழுவுது. உனக்கு எங்களோட இருக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு."

"ஐயோ, அப்படி இல்லடி..." என்று ஆரம்பித்தவள் உடைந்துபோனாள். இஸ்திரிக்காரர், பஸ், நாத்தனார், நாலு கூடம், கையில் தடிப்பு என்று எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்து விழுந்தது. "எனக்கு இருந்து அது பாப்பாவுக்குப் போயிடுச்சுன்னா?" என்று கடைசியில் கேட்டாள்.

தங்கை குழந்தையை அப்படியே அவள் மடியில் வைத்தாள். "இருந்தாலும் நீ பெரியம்மாதான், இல்லாட்டியும் பெரியம்மாதான். தூக்கி வெச்சுக்கிட்டா ஒட்டாதுன்னு படிக்கிற பசங்களுக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? பிடி, விழுந்துடப் போறா." கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டவும் ஆரம்பித்தாள். "நாலு தடவை ஊசி குத்திக்கத் தெரிஞ்சுது, எங்கிட்ட ஒரு தடவை சொல்ல வாய் வரல."

அடுத்த நாளே கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே இதற்கென்று தனிப் பிரிவு இருந்தது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "அவரோட கடைசியா இருந்து எவ்வளவு காலம் ஆச்சு?" என்றார்.

"நாலு வருஷம்."

"அதுக்கப்புறம் வேற யாராவது?"

"யாருமில்ல."

"அப்போ முதல் டெஸ்ட்லயே கதை முடிஞ்சுதும்மா. ஒட்டின புதுசுல டெஸ்ட்ல தெரியாம போகலாம். அதுக்குத்தான் மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கச் சொல்றது. உங்களுக்கு வருஷக்கணக்காச்சு. அவருக்கு என்ன வியாதியா இருந்தாலும் சரி, உங்களுக்கு இல்ல."

"ரத்தம் மாறிப்போயிருந்தா?"

"நாலு எடத்துலயுமா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் இல்லன்னு சொன்னப்போ நிம்மதி எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "முதல் தடவை ஒரு வாரம். ரெண்டாவது தடவை ரெண்டு நாள். கடைசியா..." தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ளயே போயிடுச்சு."

"பாத்தீங்களா? அஞ்சாவது டெஸ்ட்டுக்கு வாசப்படி தாண்டறதுக்குள்ள போயிடும். ரத்தத்துல இல்லாததை ரத்தத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்? உங்களுக்கு வந்திருக்கிறது பயம். அதுவும் நோய்தான், அதுக்கும் வைத்தியம் இருக்கு."

அடுத்த அறையில் மனநல ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாள் இருந்தார். வாரம் ஒரு தடவை அவரிடம் போய்ப் பேசினாள். இனிமேல் டெஸ்ட் கிடையாது என்றார் அவர். போகணும் போல இருந்தால் போகாமல் இருக்க வேண்டும். பயம் போன பிறகு குழந்தையைத் தூக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, பயந்துகொண்டே தூக்க வேண்டும். முதல் நாள் தூக்கியபோது அவளுக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில், பெரியம்மா தன்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்துக் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

சில வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரிக்காரர் எதிரே போய் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதுக்கா என்னோட பேசல?"

"வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

"எனக்கு வாய் நாறுதோன்னு நினைச்சு, பல் டாக்டர்கிட்ட போய் ரெண்டு பல்லை அடைச்சுக்கிட்டு வந்தேன்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பில் சலவைக்கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரிக்காமல், "நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன். கல்யாணம்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் மனிதர் மயங்கிச் சரிந்தார். குத்தக்கூட இல்லை. நர்ஸ் காலைத் தூக்கிப் பிடிக்க, அவர் முகத்தில் அவள் தண்ணீர் தெளிக்க, கண் திறந்ததும், "ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

முடிவு வாங்க இருவருமாகப் போனார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பசிக்குது, எங்கேயாவது சாப்பிடலாமா?" என்றார். அவ்வளவுதான். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"எதுல?"

அந்த ஒரு வார்த்தையை அவள் நெடுநாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பதிவு அலுவலகத்தில் தங்கையும் தங்கை புருஷனும் சாட்சிக் கையெழுத்துப் போட, கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகும் பயம் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஒரு தடவை நாக்கில் புண் வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். "டெஸ்ட் பண்ணப் போகணும் போல இருக்கு" என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. வாசல்படியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டுகிற நேரத்துக்கு அவளே, "போகல. உலை வைக்கணும்" என்று எழுந்து உள்ளே போனாள். புண் தானாக ஆறியது. அடுத்த தடவை பயம் வந்தபோது வாசல் வரைகூடப் போகவில்லை.

இப்போது அந்த வீட்டில் பெரிய வழக்கென்றால் குறட்டை ஒன்றுதான். தான் குறட்டையே விடுவதில்லை என்று அவர் சாதிக்கிறார். அவள் போனில் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினாள். முழுசும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வேற யாரோ" என்றார்.