ஒன்பதாவது ஒட்டுநோட்டு, பக்கம் முப்பத்தொன்று

என் அண்ணன் முப்பத்து நாலு வருஷம் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். அவர் வீட்டு அலமாரிகளில் அறுநூற்றுப் பன்னிரண்டு அபூர்வமான பழைய புத்தகங்கள் இருந்தது எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப்பேர், அந்த மனுஷனுக்கு வேறே வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மீட்டர் எங்கே இருக்கும்? மாடிப்படிக்குக் கீழே, கிடங்கின் மூலையில், யாரும் திறக்காத கதவுக்குப் பின்னால். பழைய புத்தக மூட்டையும் அங்கேதான் கிடக்கும். அண்ணன் டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்வார். வெளிச்சம் மெல்லப் பக்கத்து மூட்டைக்கு நகரும். “இதைக் கரையான் தின்னுடும். எடுத்து வெயில்ல வைங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொடுங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த முறை போகும்போதும் மூட்டை அங்கேயே இருந்தால் அதே வார்த்தையைச் சொல்வார். மூன்றாம் முறை அவர்களே வெறுத்துப்போய், “சார், நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க” என்பார்கள்.

அப்போதும் எடுக்கமாட்டார். ‘என் விருப்பத்தோடு கொடுத்தேன்’ என்று கொடுப்பவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அவர் பைக்குள் போகும். “நான் எல்லார் வீட்டுக்குள்ளயும் போறவன். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது” என்பார். அவசரத்தில் கையில் அகப்பட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்கள். காலண்டர் தாள், மருந்துச் சீட்டு, சோப்பு அட்டை, ஒருவர் தன் மகளுடைய மதிப்பெண் அட்டையையே கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டுகளை எல்லாம் அண்ணன் நோட்டுகளில் ஒட்டினார். நாற்பத்தோரு நோட்டு. வீட்டில் அவற்றுக்கு ஒட்டுநோட்டு என்று பெயர். பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுத் தானே பசை காய்ச்சுவார். சீட்டின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பசை. மற்றபடி அது கதவு மாதிரி திறக்கும். பின்பக்கத்து எழுத்தைப் புரட்டிப் படிக்கலாம். பக்கத்திலேயே புத்தகத்தின் விவரம், கொடுத்தவர் சொன்ன கதை, அன்றைக்கு அந்த வீட்டு மீட்டர் காட்டிய எண் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். புத்தகங்கள் அரசு நூலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். நூலகத்திலிருந்து ஓர் அதிகாரியும், புத்தகம் செப்பனிடும் பைண்டர் அம்மா ஒருவரும் வந்து முன்னறையில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். அதிகாரி ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கித் தூக்கி, “இது எங்கம்மா இருந்துச்சு இத்தனை நாளா!” என்று வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அளவு கொடுக்கக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

ஒட்டுநோட்டுகளை மட்டும் அதிகாரி ஒதுக்கிவிட்டார். “இதெல்லாம் சொந்த விஷயம். நீங்களே வெச்சுக்கங்க.”

“நாங்க வெச்சுக்கிட்டு? பழைய பேப்பர்காரனுக்குத்தான் போடணும்” என்றார் அண்ணி.

மூன்றாம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அதிகாரி கைக்கு வந்தது. கிணறு வெட்டுவது எப்படி என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சிட்டது. உலகத்தில் இன்னொரு பிரதிதான் இருக்கிறதாம். திறந்தவர் முகம் சுருங்கியது. முதல் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரை.

“இது பள்ளிக்கூடச் சொத்து. எப்படி வந்துச்சுன்னு ஆதாரம் வேணும்மா. ஒரு புத்தகத்துக்கு வழி தெரியலேன்னாலும் எங்க குழு மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிடும்.” பட்டியலில் அந்த வரிக்கு எதிரே ‘ஐயம்’ என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மீட்டர் பார்க்கப் போற இடத்துல… நான் தப்பா சொல்லல” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சொல்றதையும் சொல்லிட்டு, தப்பா சொல்லலேன்னா என்ன சார் அர்த்தம்? அந்த வார்த்தைக்குப் பயந்துதான் அந்த மனுஷன் ஆயுசு பூரா சீட்டு வாங்கினாரு.”

“சீட்டு எங்கம்மா?”

நாற்பத்தோரு நோட்டில் எதில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேப்பர்காரனுக்குப் போடச் சொன்ன அண்ணிதான் வாயைத் திறந்தார். “பின்னட்டையில பென்சில்ல கிறுக்கியிருப்பாரு, பாருங்க.”

பார்த்தோம். 9/31. ஒன்பதாவது நோட்டு, முப்பத்தொன்றாம் பக்கம். நானே எடுத்துப் பிரித்தேன். பிரித்ததும் கை நின்றுவிட்டது. கப்பல் படம் போட்ட ஒரு காலண்டர் தாள், நான்கு ஓரமும் அழுத்தி, முழுசாக ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் எழுதிய விவரம் இருந்தாலும், கொடுத்தவர் கையெழுத்தைப் பார்க்கக் கதவு திறக்காது. அது அண்ணன் ஒட்டியதல்ல. நான் ஒட்டியது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல். மேஜையில் சீட்டுகள் சேர்ந்து கிடந்தன. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, அழகான பக்கம் மேலே தெரிய, ஓர் இடம் விடாமல் பசை தடவி இருபத்து மூன்றை ஒட்டித் தள்ளினேன். துணியில் நல்ல பக்கம், உள்பக்கம் பார்க்காமல் கத்தரி வைக்காதவள் நான். காகிதத்துக்கும் உள்பக்கம் உண்டு என்று தோன்றவில்லை. எழுந்து வந்து பார்த்த அண்ணன், “என்ன காரியம்டீ பண்ணிட்டே!” என்று தலையில் கை வைத்தார். நான் அழுதுகொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் நோட்டுகளை நான் தொட்டதில்லை. எல்லாவற்றையும் பிரித்துச் சரியாக ஒட்டியிருப்பார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவர் பிரிக்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: ‘இது தங்கச்சி ஒட்டியது. யாரும் பிரிக்கக் கூடாது.’ பக்கங்களைத் தள்ளினேன். இருபத்து மூன்றிலும் அதே வரி. நான் பாழாக்கியதாக நினைத்த பக்கங்களை அவர் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

அதிகாரியும் அந்த வரியைப் படித்தார். பைண்டர் அம்மா தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “மைதாப் பசைதான், ஈரம் காட்டினா இளகும். ஆனா தாள் ரொம்ப நைஞ்சிருக்கு. கிழிஞ்சா படமும் போச்சு, பின்னாடி இருக்குற எழுத்தும் போச்சு. அவரு வேற வேணாம்னு எழுதியிருக்காரு. நீங்கதான் சொல்லணும்.”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். “நீ ஒட்டினது, நீயே சொல்லு.”

அண்ணன் பேச்சைக் காப்பாற்றினால் அண்ணன் பேர் போகும். “பிரிங்கம்மா” என்றேன். “திட்டறதுன்னா என்னைத்தானே திட்டுவாரு. பழக்கம்தான்.”

ஈரமான ஒற்றுத்தாளை மேலே வைத்து, காத்திருந்து, மூங்கில் சீவலை ஓரத்தில் நுழைத்து, ஒரு நூல் அகலம், இன்னொரு நூல் அகலம் என்று அந்த அம்மா ஒரு மணி நேரம் உழைத்தார். கடைசியில் கப்பல் முழுசாகக் கழன்று வந்தது. திருப்பிப் போட்டார். அதே ஊதா முத்திரை. அதன் மேலே குண்டு குண்டான கையெழுத்து. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

‘பள்ளியை மூடுகிறோம். நிர்வாகத்தின் சம்மதத்தோடு இப்புத்தகத்தை எங்கள் மீட்டர்காரருக்குக் கொடுக்கிறேன். இரண்டு முறை மறுத்தார். என் வற்புறுத்தலால் பெற்றுக்கொண்டார். இதற்காக மீட்டரில் ஒரு யூனிட்கூடக் குறைத்து எழுதவில்லை என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தலைமை ஆசிரியர்.’

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். அதிகாரி எழுந்து நின்று, ‘ஐயம்’ என்ற சொல்லை அழுத்தி அடித்தார். “மன்னிச்சிடுங்கம்மா” என்றார். “நாற்பத்தோரு நோட்டும் எங்களுக்கு வேணும். இதை விட்டுட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துட்டுப் போனா நாங்கதான் முட்டாளுங்க.”

“நோட்டை ஒதுக்கின அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நானும் வாயை அடக்கியிருப்பேனே” என்றேன். அந்தச் சீட்டு சொன்ன ‘எங்கள் மீட்டர்காரரின்’ தங்கை என்று அந்த அறையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“மீதி இருபத்திரண்டையும் பிரிச்சுப் பார்க்கலாமா?” என்று ஆசையாகக் கேட்டார் அதிகாரி.

“அந்தப் புத்தகங்கள்ல முத்திரை இருக்கா?”

“இல்லை.”

“அப்போ தொடாதீங்க.”

கப்பல் தாள் காய்ந்ததும் பைண்டர் அம்மா பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் என் பக்கம் நகர்த்தினார். இடது ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தடவி ஒட்டினேன். புரட்டிப் பார்த்தேன், திறந்தது. அண்ணன் எழுதிய வரிக்குக் கீழே இடம் இருந்தது. பேனா வாங்கி எழுதினேன்: ‘பிரித்ததும் தங்கச்சிதான்.’