‘கூசுதா’ அண்ணன் வீட்டு வெளிச்சம்

விளக்கு மாட்டும் வீட்டிலெல்லாம் ‘கண்ணு கூசுதா?’ என்று கேட்பதால் எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கூசுதா’ அண்ணன். எலக்ட்ரீஷியன். நான் ஃபால்ஸ் சீலிங் பலகை அடிக்கிறவன். பதினெட்டு வருஷமாக அவர் குறித்துக் கொடுத்த இடத்தில்தான், பலகைக்குள் பதிக்கிற டவுன்லைட்டுக்கு ஓட்டை போடுகிறேன்.

மற்றவர்கள் அறையை அளந்து, மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு என்று முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் அப்படி இல்லை. வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, “யார் எங்கே உட்காருவீங்க? எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க?” என்று கேட்பார். தரையில் சாக்பீஸால் கட்டில், நாற்காலி எல்லாம் வரைவார். அப்புறம் அந்தக் கட்டில் கோட்டுக்குள் தானே மல்லாந்து படுத்துக்கொண்டு, என்னை ஏணியில் ஏற்றி விளக்கைப் பிடிக்கச் சொல்வார். “கண்ணு கூசுது. ஒரு சாண் தள்ளு.” என் கை கடுத்துப்போகும். மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். ஆனால் ஓட்டை போட்டால் போட்டதுதான், இடம் தப்பினால் பலகையையே மாற்ற வேண்டும். அவர் குறித்த இடம் தப்பி ஒரு பலகைகூட நான் மாற்றியதில்லை.

அண்ணி இறந்து மூன்று வருஷம். ஒரே மகன், கல்யாணமாகி வாடகை வீட்டில் இருந்தான். பேரன் பிறந்த மாதம் அண்ணன் என்னைத் தன் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப்போனார். தரையில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார். கட்டில், மருமகள் உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நாற்காலி, மூலையில் தொட்டில்.

“தொட்டிலுக்கு மேல லைட்டே வேணாம். மல்லாந்து கிடக்கிற பிள்ளை, மேலதானே பார்க்கும்? சுவரோரமா நாலு போடு, போதும்.”

“பையன்கிட்ட கேட்டீங்களாண்ணே, இங்க வரானான்னு?”

“கேட்க என்ன இருக்கு? நீ பலகையை அடி.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரான் வீட்டில் பூனை எங்கே படுக்கும் என்றுகூட விசாரிக்கிற மனுஷன், சொந்த மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுவானோ என்று அவருக்குப் பயம். அது தெரிந்தும் நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டை போட்டேன். என்னையும்தான் உதைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பத்தோடு வந்தான். நான் மாடி அறையில் பலகை ஓரங்களுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறும்போதே அவன் சொல்வது கேட்டது. “ஆபீஸ் பக்கத்துலயே ஃப்ளாட் வாங்கிட்டோம்ப்பா. இங்கிருந்து மூணு மணி நேரம்தான். அடுத்த மாசம் போயிடுறோம்.”

உள்ளே வந்தவன் அண்ணாந்து பார்த்தான். “அட, பிரமாதமா இருக்கே! யாருக்குப்பா இந்த ரூம்?”

அண்ணன் மூலைக்குப் போய் நின்றார். காலடியில் தொட்டில் கோடு. வெறுங்காலால் அதைத் தேய்த்துக்கொண்டே, “வாடகைக்கு விடலாம்னு...” என்றார்.

“நல்ல ஐடியாப்பா. உங்களுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்.”

மருமகள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மகனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனிடம் யார் கேட்டார்கள்? கீழே ஹாலுக்கு இறங்கி வந்தோம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் பார்த்துப் பார்த்து வைத்தவர் வீட்டு ஹாலில், முனை கறுத்துப்போன ஒரே ஒரு டியூப்லைட். நான் அவர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினேன்.

“பலகை மிச்சம் இருக்கு. இங்கயும் அடிச்சுடறேன். சொல்லுங்கண்ணே, நீங்க எங்கே உட்காருவீங்க?”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சோபாவைப் பார்த்தார், அதில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார், அதில் வயர் சுருள்கள்.

“சாப்பாட்டை அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே முடிச்சிடுவேன்...” என்று இழுத்தார்.

“சரி, அப்புறம்?”

கொஞ்ச நேரம் ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தெரியலையேப்பா,” என்றார். “நான் எங்கே உட்கார்றேன்?”