பிச்சுக்கு எடுத்த மண்

ஏரிக்கரையை வெட்டியது நாங்கள்தான். ஐந்து கோடையாக, கிரிக்கெட்டுக்காக.

அனகாபுத்தூர் பக்கம் எங்கள் ஏரி சித்திரையில் வற்றிவிடும். வற்றிய ஏரிதான் எங்களுக்கு மைதானம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குத்திய பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் வருடா வருடம் புதிதாகப் பிச்சு போடுவோம். அதற்குக் கல் இல்லாத களிமண் வேண்டும். ஏரிக்குள் எடுத்தால் பாட்டில் துண்டும் பிளாஸ்டிக்கும்தான் வரும். கரையில் இருந்தது நல்ல மண்.

எங்கே எடுப்பது என்று காட்டியவன் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை செய்பவன். கரைக்கு நேர் கீழே அவன் வீடு.

"எங்க வூட்டாண்டயே எடுங்கடா. கடப்பாரை, பாண்டு எல்லாம் கிட்டக்க கீது. எவன் தூக்கினு நடக்குறது?"

எடுத்தோம். உள்பக்கச் சரிவில், ஒரே இடத்தில், வருடத்துக்கு நாற்பது ஐம்பது பாண்டுச் சட்டி மண். ஒரு வருடம் டீ-சர்ட்டின் முதுகில் 'ஏரியைக் காப்போம்' என்று அடித்தோம். அதைப் போட்டுக்கொண்டே வெட்டினோம். ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

போன மழையில் ஏரி மூன்று நாளில் நிரம்பியது. நான்காம் நாள் காலை கரை உடைந்ததாகப் போன் வந்தது. ஓடினேன். எந்த இடம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் வெட்டிய இடத்தில், அதே குழி அளவுக்குக் கரை வாய் பிளந்திருந்தது. தண்ணீர் நேராக அவன் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் தன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தான். பின்னால் அவன் வீட்டு பிரிட்ஜ் மிதந்து வாசல் கதவில் இடித்துக்கொண்டிருந்தது.

மணல் மூட்டையோடு வந்த அதிகாரி கத்தினார். "யாருய்யா இங்க மண் எடுத்தது? கடப்பாரை போட்ட தடம் அப்படியே இருக்கு!"

"லாரிக்காரனுங்க சார்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பக்கத்தில் அம்மாவை இறக்கிக்கொண்டிருந்த அவன் என்னைப் பார்த்தான். அதிகாரி 'லாரி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. அவன் வீட்டுச் சேற்றை அள்ளப் போனோம். உள்ளே முழங்கால் உயரம் சேறு. கல் இல்லை, தூசு இல்லை, வழவழவென்ற சாம்பல் நிறக் களிமண். அவன் குதிகாலால் அழுத்திப் பார்த்தான், பிச்சு காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு வருடமும் பார்ப்பானே, அதே மாதிரி.

"சோக்கா கீதுடா" என்றான். "ரோலர் போட்டா போதும்."

அவன் அம்மா பீரோவைத் திறந்து நனைந்த துணியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்கள் வீட்டு மண்வெட்டியால்தான் வெட்டினோம் என்று அவருக்குத் தெரியாதா? நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

இந்தச் சித்திரையிலும் ஏரி வற்றியது. உடைப்பை வெளியூர் செம்மண் கொட்டி அடைத்திருந்தார்கள். முதல் ஞாயிறு வழக்கம்போலக் கூடினோம். அவனும் வந்திருந்தான். பழைய பிச்சு மழையில் கரைந்து போயிருந்தது. விக்கெட் கீப்பர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "மச்சான், இந்த வாட்டி மண்ணு எங்கேந்து எடுக்குறது?" என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான். இவ்வளவும் பார்த்த பிறகு.

"எங்க வூட்ல எடுத்துக்கோ" என்றான் அவன். "கட்டிலுக்கு அடியில இன்னும் கீது."

நான் கீப்பரிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். 'லாரி' என்று எழுதிக்கொண்டு போன அதிகாரியின் ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வா, நானும் வரேன்" என்றான். "நீ மட்டுமா வெட்டின?"